பதினொன்றாவது படி

இயக்குநர் தேவநேசன் வீட்டு மாடிக்குப் பன்னிரண்டு படிகள். சினிமா உலகத்தில் அது தெரியாதவர்கள் குறைவு.

பதினேழு படம் எடுத்தார். பதினேழும் திகில் படம். எல்லாவற்றிலும் ஒரு காட்சி தவறாமல் வரும். உள்ளே ஒரு பெண் தனியாக இருப்பாள். வெளியே யாரோ மாடிப்படி ஏறி வருகிற சத்தம். முகத்தைக் காட்ட மாட்டார், நிழலைக் கூடக் காட்ட மாட்டார். வெறும் காலடி. பதினொரு படி ஏறி, நின்றுவிடும். பன்னிரண்டாவது படியில் கால் விழாது. அப்போது உள்ளே இருக்கிறவள், "யாரு?" என்பாள்.

அவ்வளவுதான் காட்சி.

மதுரையில் முதல் நாள் ஆட்டத்துக்கு வருகிற ரசிகர்கள் கோரஸாக எண்ணுவார்கள், ஒண்ணு, ரெண்டு, மூணு என்று. பத்து வரைக்கும் விசிலும் சிரிப்புமாக இருக்கும். பதினொன்றில் கப்சிப். அவருக்குப் பின்னால் திகில் படம் எடுக்க வந்த அத்தனை பேரும் ஏதாவது ஒரு படத்தில் ஒரு மாடிப்படியை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒருத்தருக்கும் அது அமையவில்லை. லைட்மேன்கள் தங்களுக்குள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'படிக்கட்டு'. படிக்கட்டு வந்தாச்சா, படிக்கட்டு சாப்பிட்டாச்சா என்று பேசிக்கொள்வார்கள். அவர் காதிலும் விழும். கண்டுகொள்ள மாட்டார்.

அந்தக் காலடி அவருடையதுதான். எஃபெக்ட்ஸ் ஆட்களை அதைத் தொட விட்டதில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் பலகை போடச் சொல்லி, பழைய தோல் செருப்பை மாட்டிக்கொண்டு, தானே பதினொரு முறை மிதிப்பார். ஒரே டேக்கில் முடிந்துவிடும்.

முடியாதது அந்த 'யாரு?'தான்.

டப்பிங் பேச வருகிறவளை அறுபது தடவை, எழுபது தடவை சொல்ல வைப்பார். ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இன்னும் வரலம்மா" என்பார். ஒருமுறை வசந்தகோகிலம் என்கிற அம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, யார் மாதிரி வேண்டும் உங்களுக்கு, அந்தப் பொம்பளையையே கூட்டி வந்து மைக் முன்னால் நிறுத்துங்களேன் என்று கேட்டுவிட்டாள். கூடமே சிரித்தது. தேவநேசன் சிரிக்கவில்லை. அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

இமாகுலேட் இதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவள். அவரிடம் ஒன்பது வருஷம் உதவி இயக்குநராக இருந்தாள். அந்த ஒன்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தையைக் கேட்க அவளுக்கு ஆசை. 'வந்துருச்சு' என்ற வார்த்தை. யாருக்கும் அவர் அதைச் சொல்லி அவள் கேட்டதில்லை.

இப்போது அவள் தன்னுடைய முதல் படத்தை எடுத்து முடித்திருந்தாள். வியாழக்கிழமை கடைசி மிக்ஸிங். புதன்கிழமை மத்தியானம் தன் நாலு வயது மகள் ரெனியையும் இழுத்துக்கொண்டு தேவநேசன் வீட்டுக்கு வந்தாள். கைபேசியில் ஒரு ஒலித்துண்டு இருந்தது. ஒரு நிமிஷம் பத்து செகண்ட். அதை அவர் கேட்டுவிட்டு, அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் போதும்.

தேவநேசனுக்கு அறுபத்துமூன்று வயது. ஐந்து வருஷமாகப் படம் எடுக்கவில்லை. மனைவி லில்லி இறந்ததிலிருந்து அந்த மாடியில் தனியாக இருந்தார். சுவரில் லில்லியின் படம். ஜன்னல்களை வெயிலுக்காகச் சாத்தி வைத்திருந்தார். ரெனிக்கு பிஸ்கட் எடுத்துக் கொடுத்தார், இமாவுக்குக் கடுங்காப்பி போட்டுக் கொடுத்தார். அவள் புருஷன் ஃப்ராங்க்ளின் வேலை பார்க்கிற கப்பல் இப்போது எங்கே நிற்கிறது என்று விசாரித்தார். மொம்பாசா பக்கம் என்றாள். உன் படம் வெளியாவதற்குள் கப்பல் கரைக்கு வந்துவிடுமா, இல்லை படம்தான் கடலுக்குப் போகுமா என்று கிண்டல் பண்ணினார். அவளும் சிரித்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்த களைப்பில் ரெனி பிஸ்கட்டும் கையுமாக உள்ளறைக் கட்டிலில் தூங்கிப் போனாள்.

"கேக்கிறீங்களா சார்?"

"போடு."

அவள் கைபேசியை மேஜையில் வைத்தாள். முதலில் ஒன்றுமில்லை. ஒரு துணி உரசுகிற சத்தம். பிறகு தூரத்தில் கனமான பூட்ஸ் காலடி, மெதுவாக, நெருங்கி நெருங்கி வந்து, நின்றது.

ஒரு குழந்தைக் குரல், "அம்மா?" என்றது.

பதில் இல்லை.

"யாரு?"

பதில் இல்லை. வெகுநேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, காதைக் கிட்டே கொண்டுபோனால்தான் கேட்கும் என்கிற மாதிரி, "அம்மா, நீதானே?"

தேவநேசன் கண்ணை மூடியிருந்தார். இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டாள். இரண்டாவது முறை அந்த 'யாரு?' வந்தபோது அவருடைய விரல்கள் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டன.

"வந்துருச்சு" என்றார்.

இமாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒன்பது வருஷம் வெயிலில் கிளாப் அடித்தது, கர்ப்பத்தோடு அவுட்டோர் போனது, எல்லாவற்றுக்கும் கூலி கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"முப்பத்தொரு வருஷமா இதத்தான் தேடிட்டிருந்தேன்" என்றார் தேவநேசன். கண்ணைத் திறந்து, "பேசினது யாரு?" என்று கேட்டார்.

அவள் உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவரும் பார்த்தார்.

அப்புறம் அவளே சொன்னாள். கதவுக்குப் பின்னால் ஒரு குழந்தை கூப்பிடுகிற காட்சிக்கு நாலு பிள்ளைகளை டப்பிங்குக்கு வரவழைத்துப் பார்த்ததையும், நாலும் ரைம்ஸ் ஒப்பிக்கிற மாதிரியே பேசியதையும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கரண்ட் போனது. ரெனி படுக்கையறையில் பொம்மை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. கைபேசியைத் தலையணைக்கு அடியில் ஓட விட்டுவிட்டு, அடுப்படிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். கதவைச் சாத்தினாள். ஃப்ராங்க்ளினின் பூட்ஸை மாட்டிக்கொண்டு நடந்து வந்து, கதவுக்கு முன்னால் நின்றாள்.

ஒரே ஒரு நிமிஷம்தான், அதற்கு மேல் தாங்க முடியவில்லை, ஓடிப் போய்த் தூக்கிக்கொண்டேன் என்றாள். பிள்ளை அழக்கூட இல்லை. சும்மா விளையாட்டும்மா என்று சொன்னதற்குச் சரி என்று தலையாட்டினாள்.

அதற்கு அடுத்த நாள் சவுண்ட் இன்ஜினியர் பரணி அதைக் கேட்டுவிட்டுக் கையைத் தூக்கிக் காட்டினான், மயிர் சிலிர்த்து நின்றது. ஊரே இந்த இடத்தைப் பற்றித்தான் பேசப்போகிறது, நீங்கள்தான் அடுத்த படிக்கட்டு மேடம் என்றான்.



"இப்போ எப்படி இருக்கா?" என்று மட்டும் கேட்டார் தேவநேசன்.

நன்றாக இருக்கிறாள், முன்னைக்கு இப்போது தேவலை என்றாள் இமா. முன்பெல்லாம் எந்த அறையில் இருந்தாலும் அங்கிருந்தே அம்மா அம்மா என்று கத்துவாள். பென்சில் சீவ அம்மா, கால் கழுவ அம்மா, காக்கா வந்ததைப் பார்க்க அம்மா. இந்த மூன்று நாளாக அந்த நச்சரிப்பு இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் சத்தம் போடாமல் வந்து பின்னால் நின்றுகொள்கிறாள். பிள்ளை வளர்ந்துவிட்டாள்.

சொல்லி முடிப்பதற்குள் அவளுடைய குரலே அவளுக்கு ஒரு மாதிரி இருந்தது.

தேவநேசன் எழுந்து போய் உள்ளறைக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்தார். அவர் தன் படங்களைப் பற்றி வாயைத் திறக்காதவர். பேட்டி எடுக்க வந்தவர்களை வாசலோடு அனுப்பியவர். அன்றைக்குப் பேசினார்.

முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் அவரும் ஒரு உதவி இயக்குநர்தான். கல்யாணமாகி இரண்டு வருஷம். இதே மாடியில்தான் குடியிருந்தார்கள், சுற்றிலும் மாந்தோப்பு, நாலைந்து வீடு. ஒரு மழைச் சாயங்காலம். மின்சாரம் இல்லை. லில்லி தனியாக இருந்தாள். படியேறி வந்தவர் பதினொன்றாவது படியில் செருப்புச் சேற்றை உதற நின்றார். காலடி நின்றதும் உள்ளேயிருந்து லில்லி, "யாரு?" என்றாள்.

நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தவர், திறந்தபடியே நின்றுவிட்டார். எத்தனையோ மாதமாக எழுதி எழுதிக் கிழித்துப் போட்ட காட்சி அந்த ஒரு குரலில் இருந்தது. இன்னொரு தடவை கேட்டால் போதும் என்று நினைத்தார். மூச்சை அடக்கிக்கொண்டார். லில்லி மறுபடி கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, நீங்கதானே என்றாள். அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

பிறகுதான் உள்ளே போனார். நான்தான், பயந்துட்டியா என்று சிரித்தார். லில்லியும் சிரித்தாள். சோறு போட்டாள். சாப்பிட்ட கையோடு உட்கார்ந்து அந்தக் காட்சியை எழுதி முடித்தார். அதுதான் முதல் படம்.

"அதுக்கப்புறம் அவ யாருன்னு கேட்டதே இல்லம்மா" என்றார் தேவநேசன். "பால்காரன் தட்டினாலும் சரி, நான் ஏறி வந்தாலும் சரி. போய்த் திறப்பா. இல்லாட்டி அப்படியே உக்காந்திருப்பா. இருபத்தாறு வருஷம். ஏன்னு நானும் கேட்டதில்ல."

வசந்தகோகிலம் அப்படிப் பேசிவிட்ட அன்றைக்கு வீட்டுக்கு வந்து, ஒரே ஒரு தடவை ஸ்டூடியோவுக்கு வந்து சொல்லிக் கொடுத்துவிட்டுப் போ என்று லில்லியைக் கூப்பிட்டிருக்கிறார். அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாளாம். அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று எழுந்து போய்விட்டாளாம்.

இமா கைபேசியை எடுத்து, திருப்பி, மறுபடி மேஜையிலேயே வைத்தாள்.

"நான் செஞ்சது தப்பா சார்?"



"குழந்தை நல்லாத் தூங்குதா?"

"தூங்குறா."

"அப்ப நீ இங்கயே உக்காரு. கதவைச் சாத்திக்கிறேன்."

வெளியே போனார். கதவு சாத்திக்கொண்டது. அவர் இறங்கிப் போகிற சத்தம் கேட்டது. கீழே கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

பிறகு ஏறத் தொடங்கினார்.

ஒன்று. இரண்டு. இமா பிரம்பு நாற்காலியில் சாய்ந்தே இருந்தாள். முழங்கால் வலிக்காரர், இந்த வெயிலில் இதெல்லாம் தேவையா என்று கூட நினைத்தாள். நான்கு. ஐந்து. பழைய தோல் செருப்பு. ஒலிப்பதிவுக் கூடத்தில் எத்தனையோ முறை கேட்ட சத்தம்தான். வருகிறவர் யாரென்று தெரியும். எத்தனையாவது படியில் நிற்பார் என்றும் தெரியும். ஏழாவது படியில் அவளுக்கு உள்ளங்கை வேர்த்தது. ஒன்பதாவது படியில் முதுகு நாற்காலியை விட்டு வந்துவிட்டது.

பத்து. பதினொன்று.

நின்றது.

சார்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சொல்லச் சொல்ல அது உண்மையில்லாத மாதிரி ஆகிக்கொண்டே வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர் தன்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார், தான் பயப்படுவதைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவளுக்குப் பொறுக்கவில்லை. வாயைத் திறந்தாள்.

ஒரு சின்னக் கை பின்னாலிருந்து வந்து அவள் வாயை மூடியது.

பிஸ்கட் வாசம் அடிக்கிற கை. ரெனி எப்போது எழுந்தாள், எப்போது வந்தாள், இமாவுக்குத் தெரியவில்லை. வெறுங்காலோடு நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தாள். கண் கதவின் மேலேயே இருந்தது. அந்தக் கை அழுத்திப் பிடித்திருந்தது. நாலு வயதுக் கைக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று இமா நினைத்ததில்லை.

வெளியே அவர் காத்திருந்தார். உள்ளே இருந்து ஒரு சத்தமும் போகவில்லை. மறுபடியும் காத்திருந்தார்.

கடைசியில் பன்னிரண்டாவது படியில் கால் விழுந்தது. கதவு திறந்தது.

தேவநேசன் முதலில் இமாவைத்தான் பார்த்தார். "ஏம்மா யாருன்னு கேக்கல?" என்று ஆரம்பித்தவர், அந்தச் சின்னக் கையைப் பார்த்ததும் பேச்சை விட்டுவிட்டார்.

ரெனி கையை எடுத்தாள். அம்மாவிடம் கேட்ட கேள்விக்கு அவளே பதில் சொன்னாள். குற்றம் சொல்கிற மாதிரி இல்லை. தெரியாத ஒருவருக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி சொன்னாள்.

"கேட்டா சொல்ல மாட்டாங்க தாத்தா."

தேவநேசன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே வாசற்படியில் உட்கார்ந்தார். சுவரில் லில்லியின் படம் இருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை.

ரெனி அவருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அதைக் கழற்றி, வெளியே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தள்ளி வைத்தார்.

மேஜையில் கைபேசி அடித்தது. பரணி. இமா எடுத்தாள். அந்தக் குரலைப் படத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னாள். அவன் பதறிப்போய், அப்போது அந்த இடத்தில் என்ன வைப்பது மேடம் என்று கேட்டது வாசல் வரைக்கும் கேட்டது. ஒன்றும் வேண்டாம், வெறுமனே விடு என்றாள். நாளைக்கு நானே வந்து சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள். தன் கைபேசியில் இருந்ததையும் அழித்தாள்.

ரெனிக்குத் தண்ணீர் தாகம் எடுத்திருந்தது. அதை வாயால் கேட்கவில்லை. அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, மேஜையில் இருந்த சொம்பையே பார்த்தபடி நின்றாள். இமா ஊற்றிக் கொடுத்தாள்.

பிள்ளையின் செருப்பை மாட்டிவிட்டு, வாசலில் அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இப்ப நான் என்ன சார் செய்யணும்?"



"வீட்டுல அவ ஒரு ரூம்ல இருந்து, நீ அங்க போறப்ப, கதவுகிட்ட வர்ற வரைக்கும் காத்திருக்காத. அடுப்படியில இருந்தே சொல்லிக்கிட்டே போ. அம்மாதான் வரேன், அம்மாதான் வரேன்னு."

"அவ கேக்காட்டியுமா?"

"கேக்காட்டியும்."

இமா மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். முதல் படியில் கால் வைத்தவள் திரும்பினாள்.

"எத்தனை நாள் சார் அப்படிச் சொன்னா, அவ மறுபடியும் கேப்பா?"

"தெரியாதும்மா" என்றார் தேவநேசன். "நான் சொல்லிப் பாத்ததே இல்ல."